போத்தலோட வந்த கதிர்காமநாதன்

அன்பு மகள் தனுஷியாவுக்கு,

மாதாவின்ட புண்ணியத்தில கொட்டாஞ்சேனையில நாங்க சுகம், அந்தக் குளிருக்க நீயும் உன்ட எலிக்குடும்பமும் சுகமா இருக்கோணும். அம்மா என்னோட கதைக்கிறதில்ல, காரணம் நீதான். எலிக்குக் கெமிக்கல் குடுத்து, அதின்ட உடம்பு அதை அரைச்சு ரத்தத்திலயும் மூத்திரத்திலயும் விடுற சின்னச் சின்னச் சாமான் எல்லாம் அளந்து, முந்திக் கெடுதல் செய்த கெமிக்கல் விட்ட அடையாளத்தோட ஒப்பிட்டு, ஈரல் பழுதாக முதலே சொல்லிப்போடுவம் எண்டு போன்ல சொன்னாயே. எலி துள்ளித் திரியுதாம், இவ அதின்ட ஈரலுக்கு நாள் குறிக்கிறாவாம். கலியாணப் பேச்சு எடுத்தா மட்டும் நாளைக்கு நடக்கிறது ஆருக்குத் தெரியும் எண்டுவாய்.

நான் பெருமையில கொஞ்சம் உப்புப்புளி போட்டு, என்ட மகள் மூத்திரம் பார்த்தே வருத்தம் சொல்லுவாள் எண்டு சந்தி முழுக்கச் சொல்லிப்போட்டன். ஞாயிறு பூசை முடிஞ்சு வாறன், வாசலில மூண்டு பேர் போத்தலோட நிக்கினம். மேபல் அன்ரி நெல்லி கோர்டியல் போத்தல்ல கொண்டு வந்தவ, அம்மா அது சர்பத்தாக்கும் எண்டு தாங்க்ஸ் சொல்லி வாங்கி ஃப்ரிட்ஜில வச்சிட்டா. நல்ல காலம், வீட்டுக்கு வந்த பாதருக்கு ஊத்திக் குடுக்க முதல் நான் கண்டிட்டன்.

ஆனா மகள், மற்றவை சிரிச்சாலும் மூண்டாவதா போத்தலோட நிண்ட கதிர்காமநாதன் சிரிக்கேல்ல. தளபாடக் கடையில பொலிஷ் அடிக்கிறானே, அவன்தான். பூட்டின அறைக்குள்ள நாள் முழுக்கத் தின்னர் மணம், மூக்குக்கு ஒரு துணிகூட இல்ல. தலை சுத்துதாம், சாப்பாடு இறங்குதில்லையாம், போத்தலைப் பார்த்தன், பால் விடாத பிளேன்டித் தேத்தண்ணி நிறம். மகளிட்டக் கேளுங்கோ அண்ணே, ஈரல் இன்னும் பழையபடி திரும்புமோ எண்டான். அந்தச் சோதனை எலிக்குத்தான்டா, நீ அந்த அறையை விட்டிட்டு இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ எண்டன். இதுவும் உங்கட பகிடியோ எண்டு சிரிச்சிட்டுப் போயிட்டான். முந்தி ஒருக்கா நடிகை வந்திருக்கிறா எண்டு பொய் சொல்லி அவனைப் பம்பலப்பிட்டிக்கு பஸ் ஏத்தி விட்டவன் நான், பிறகு எப்பிடி நம்புவான்? திங்களும் வேலைக்குப் போயிருக்கிறான்.

போன்ல சொன்னா நீயும் பகிடி எண்டுவாய், அதுதான் எழுதிப் படம் எடுத்து அனுப்புறன். அவனுக்கு நீயே போன் எடு. எலிக்கதை எல்லாம் அளக்காத, ஆஸ்பத்திரியில ரத்தம் குடுத்துச் சோதிச்சுப் பாருங்கோ மாமா எண்டு சொல்லு, கேப்பான்.

மாதா உனக்குத் துணை நிக்கட்டும். காலுறை போட்டுப் படு. கதிருக்கு இண்டைக்கே எடு, நான் சொன்னதெண்டு மட்டும் சொல்லிப்போடாத.

உன்ட அப்பா