இருவரும் சேர்ந்தே இருக்கிறார்கள்

நாள் 1 — 06:10

செவ்வாய்ச் சுற்றுப்பாதை, தொடர்பு நிலையம். பணியில் ஒருவர்: முனைவர் சுகுணா அருணகிரி, ரேடியோ அலைப்பரவல் ஆய்வாளர். பெரிய ஆன்டெனா சரி. நீர்ச் சுத்திகரிப்பு சரி. புயல் இல்லை.

கீழே ஆறாம் குமிழ் நகரில் தண்ணீர்ப் பங்கீட்டுக் கலவரம் இரண்டாவது வாரமாக நடக்கிறது. நகர நிர்வாகம் ஊரடங்கு போட்டுப் பொதுத் தொடர்பைத் துண்டித்துவிட்டது. பூமியில் இருக்கும் குடும்பங்களுக்கு 'நல விவரம்' மட்டும் போகலாம். அதை அனுப்புவது இப்போது என் வேலை. இதற்கும் நான் படித்த படிப்புக்கும் சம்பந்தமில்லை.

அதிகம் விசாரித்து எழுதுபவை மார்மன் என்ற கிறிஸ்தவ சபையின் ஊழியர்களுடைய குடும்பங்கள். கீழே பதினெட்டு பேர் இருக்கிறார்கள். எல்லோரும் இருபதை ஒட்டிய வயது. வீட்டை விட்டு ஊழியம் செய்ய வந்தவர்கள். எனக்கு எந்த மதத்திலும் பிடிப்பு இல்லை. ஆனால் அவர்களுடைய விதி ஒன்று எனக்கு வசதி. எப்போதும் இருவர் இருவராகத்தான் போகவேண்டும், துணையின் பார்வையை விட்டு விலகக் கூடாது. ஆகவே அவர்கள் அணிந்திருக்கும் மணிக்கட்டுப் பட்டைகள் என் திரையில் காட்டும் புள்ளிகளைப் பார்த்தால் போதும். இரண்டு புள்ளிகள் அருகருகே இருந்தால், 'இருவரும் சேர்ந்தே இருக்கிறார்கள். நலம்' என்று எழுதுகிறேன்.

நாள் 1 — 15:40

போத்தனூரிலிருந்து பியூலா தேவசகாயம் என்பவரின் குரல் செய்தி. மகள் பெர்சிஸ் கீழே இருக்கிறாள்.

"ஏனுங்க மேடம், டிவியில கல்லு வீசறதயே காட்டறாங்க. எம்புள்ள சாப்புடறாளாங்க? அவகூட இருக்கற டோங்காத் தீவுப் புள்ள, தௌஃபா, நல்ல உசரமாம், யாருக்கும் பயப்படாதாம். அது பக்கத்துல இருந்தா எனக்குப் பயமில்லீங்க. எம்புள்ளய டேவா டேவான்னு கூப்புடுமாம். தேவசகாயம்னு வாயில நுழையலயாம்."

வழக்கமான வாக்கியத்தை அனுப்பினேன். அது பூமிக்குப் போய்ப் பதில் திரும்ப அரை மணி நேரம் ஆயிற்று.

"அப்பச் சரிங்க. நீங்களும் நேரத்துக்குச் சாப்புடுங்க."

இதற்குப் பதில் தேவையில்லை.

நாள் 5 — 09:25

நீர்ச் சுத்திகரிப்பில் ஒரு வடிகட்டி அடைத்துவிட்டது. மாற்றினேன்.

மீட்புக் கலம் நாளை மதியம் கிளம்புகிறது. அடுத்தது வர இரண்டு வருடம் ஆகும். மார்மன் ஊழியர்களுக்குப் பொறுப்பான மிஷன் தலைவர் பதினெட்டுப் பேரையும் ஏவுதளத்துக்கு வரச் சொல்லிவிட்டார். பதினாறு பேர் வந்து சேர்ந்தார்கள். பெர்சிஸும் தௌஃபாவும் வரவில்லை. தேடப் போன வண்டியைக் காவலர்கள் இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். என்னால் அவர்களோடு பேச முடியுமா என்று கேட்கிறார்.

இரண்டு புள்ளிகளும் காவல் கூடத்தின் வாயிலில் இருக்கின்றன. பழைய தரவைத் திருப்பிப் பார்த்தேன். இருவர் சேர்ந்திருந்தால் இடையில் உள்ள தூரம் கூடும், குறையும். தூங்கும்போதுகூட. நான்கு நாட்களாக இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையில் தூரமே இல்லை.

நான்கு நாளும் 'சேர்ந்தே' என்று எழுதியிருக்கிறேன். பட்டைகள் சேர்ந்துதான் இருந்தன.

நாள் 5 — 10:05

பட்டையின் அவசர அலைவரிசையில் அழைத்தேன். பெர்சிஸ் பேசினாள்.

"கண்டுபுடிச்சிட்டீங்களா ஆன்ட்டி? ரெண்டும் என் கையிலதான் இருக்கு. எதுத்த வீட்டுக்குத் தண்ணி கொண்டுபோனோம். நான் இன்னொரு கேன் எடுக்க உள்ள போனேன். ஒரு நிமிஷம் ஆன்ட்டி, ஒரே நிமிஷம். திரும்பி வந்தா அவளைப் பிடிச்சு வேன்ல ஏத்திட்டாங்க. பட்டையைக் கழட்டிக் கீழ போட்டுட்டாங்க. நான் எடுத்து மாட்டிக்கிட்டேன்."

ஆன்ட்டி என்று கூப்பிட வேண்டாம், டாக்டர் என்றால் போதும் என்றேன். ஏவுதளத்துக்குப் போகச் சொன்னேன்.

"அவளை விட்டுட்டா? பார்வையை விட்டுப் போகக் கூடாதுங்க. பார்க்க முடியல, அதனால கதவைப் பார்த்துட்டு நிக்கறேன். அம்மாகிட்ட சொல்லிராதீங்க ப்ளீஸ். நீங்க சாமி கும்பிட மாட்டீங்களாம், இங்க எல்லாரும் சொல்றாங்க. பரவால்ல, உங்களுக்கும் சேத்து நானே பண்ணிக்கறேன். எனக்கு இங்க வேற வேலையில்ல."

சிரித்தாள்.

நாள் 5 — 18:30

தௌஃபா பற்றி நகர நிர்வாகத்திடம் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் ஒரே பதில்.

"அப்பெயரில் எவரும் காவலில் இல்லை. எவரும் காவலில் வைக்கப்படவும் இல்லை."

இந்த வாரம் இதே பதில் வந்த பெயர்கள் வேறு ஏழு. அவற்றில் நான்கு பேரின் உடல்கள் பிறகு கிடைத்தன. நான் புள்ளிவிவரம் படித்தவள்.

சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறந்து வைத்தேன், பிறகு மூடினேன்.

நாள் 6 — 08:15

போத்தனூர்.

"மேடம், சபையில சொன்னாங்க, இன்னைக்கு எல்லாப் புள்ளைங்களையும் கப்பல்ல ஏத்தறாங்களாம். எம்புள்ள பேரு இன்னும் வரலீங்களே. பிடிவாதக்காரிங்க அவ. நீங்க சொன்னா கேப்பா. படிச்சவங்க சொன்னா மரியாதை வெப்பா. எப்படியாவது ஏத்தி விட்டுருங்க."

எப்படியாவது.

நாள் 6 — 08:50

மிஷன் தலைவர் கடைசியாக ஒருமுறை வண்டி அனுப்புகிறார். அவள் நிற்கும் தெரு முனை வரைதான் வர முடியும். அவளாக நடந்து வந்து ஏற வேண்டும்.

பெர்சிஸை அழைத்தேன். தௌஃபாவைக் காலையில் பின்வாசல் வழியாக விட்டுவிட்டார்கள், இப்போது கலத்தில் இருக்கிறாள் என்றேன்.



"நீங்க அவகிட்டப் பேசினீங்களா?"

பேசினேன் என்றேன்.

"என்ன சொன்னா?"

'டேவா எங்கே' என்று கேட்டாள் என்றேன்.

அழுதாள். பிறகு ஓடும் சத்தம். ஓடிக்கொண்டே சொன்னாள்:

"நன்றி ஆன்ட்டி. ஐயோ, சாரி. டாக்டர்."

நாள் 6 — 13:20

கலம் கிளம்பியது. உள்ளே இரண்டு பட்டைகள், ஒரு பெண்.

போத்தனூருக்கு: 'பெர்சிஸ் கலத்தில் இருக்கிறாள். நலம்.' இதில் பொய் இல்லை.

டோங்காவுக்கு எதுவும் அனுப்பவில்லை.

நாள் 6 — 14:05

கலத்திலிருந்து அழைப்பு. பெர்சிஸ். எடுக்கவில்லை.

மறுபடியும். எடுக்கவில்லை.

மூன்றாவது முறை செய்தியாக வந்தது:

"எல்லா அறையிலயும் பார்த்துட்டேன்."

அவ்வளவுதான். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

நாள் 7 — 07:30

வடிகட்டி மறுபடி அடைப்பு. மாற்றவில்லை.

கலம் போனதும் நிர்வாகம் காவல் கூடத்திலிருந்து ஆட்களை விடத் தொடங்கியிருக்கிறது. ஏன் இப்போது என்று தெரியவில்லை. காரணம் ஏதும் இல்லாமலும் இருக்கலாம்.

அவசர அலைவரிசையில் ஒரு குரல். ஆங்கிலம், காவலாளி ஒருவனின் தொடர்புக் கருவியிலிருந்து. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"வணக்கம். நான் சிஸ்டர் தௌஃபா. என் துணை வாயிலிலேயே நின்றாள் என்று உள்ளே சொன்னார்கள். காவலாளிகள் அவளைக் கேலி செய்வார்கள், அதனால் எனக்குத் தெரியும். வெளியே வந்து பார்த்தேன். இல்லை. தேடிக்கொண்டு போகலாம்தான், ஆனால் அவள் திரும்பி வந்தால்? நான் இங்கேயே நிற்கிறேன். அவள் எங்கே என்று உங்களுக்குத் தெரியுமா?"

சொன்னேன். எல்லாவற்றையும். தௌஃபா இறந்திருப்பாள் என்று நான் முடிவு செய்ததையும்.

அலைவரிசை திறந்தே இருந்தது. பின்னால் எங்கோ கல் விழும் சத்தம்.

"டேவா போய்விட்டாளா? பத்திரமாகவா?"

ஆம்.

"நல்லது. அவளை நகர்த்த வேறு வழியில்லை. எருமை மாதிரி நிற்பாள்."

குமிழின் வட வாயிலில் அகதி முகாம் இருக்கிறது, அங்கே போ என்றேன். தனியாக அவ்வளவு தூரமா, வழியெங்கும் சுடுகிறார்களே என்றாள். பிறகு, உள்ளே இன்னும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், ஒருத்தி கர்ப்பிணி என்றாள். தன்னை மறுபடி உள்ளே விடச் சொல்லிக் காவலாளியோடு வாதம். அவன் சிரிக்கிறான். உனக்குப் பைத்தியமா, ஆட்கள் வெளியே வரத்தான் அழுவார்கள் என்கிறான்.

அவள் குடும்பத்துக்கு என்ன அனுப்பட்டும் என்று கேட்டேன்.

"உண்மையை. ஆனால் அப்பா சாப்பிட்ட பிறகு அனுப்புங்கள். இல்லாவிட்டால் சாப்பிடமாட்டார்."

கருவி காவலாளியிடம் திரும்பிப் போனது. கதவு திறந்தது. மூடியது.

நாள் 7 — 08:10

டோங்காவில் இப்போது காலை. செய்தியை எழுதி வைத்திருக்கிறேன். நான்கு வரி. அவர் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டார்.

நாள் 7 — 13:00

அங்கே மதியம். சாப்பிட்டிருக்கலாம். உறுதியில்லை.

காவல் கூடப் பக்கம் புகை. மேலிருந்து பார்த்தால் சின்னதாகத்தான் தெரிகிறது.

நாள் 7 — 19:45

புகை பெரிதாகிவிட்டது. அவள் கையில் பட்டை இல்லை. திரையில் எதுவும் இல்லை. நிர்வாகத்தைக் கேட்டேன். அப்பெயரில் எவரும் காவலில் இல்லை.

அவள் தந்தையிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. என் மகள் எப்படி இருக்கிறாள், அம்மா? நாங்கள் இப்போதுதான் சாப்பிட்டு எழுந்தோம் என்கிறார்.

நான்கு வரியில் இரண்டாவது, 'உயிரோடு இருக்கிறாள்' என்பது, இனி சரியா என்று தெரியவில்லை. அதை அழித்தேன். மூன்றாவது, நான்காவது வரிகளையும். முதல் வரியில் அவள் பெயர் மட்டும் இருக்கிறது.