மாப்பிள்ளைக் கழுகின் முறை

“குழந்தையை என் கையில தரவே மாட்டேங்கிறியே, நான் என்ன பக்கத்து வீட்டுக்காரனா?” என்று முந்தாநாள் கேட்டீர்களே, பாப்பாவின் அப்பாவே, நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

இன்று காலை பால் கொடுத்தபடியே போனில் நாம் வழக்கமாகப் பார்க்கும் வெண்தலைக் கழுகுக் கூட்டை நேரலையில் பார்த்தேன். தூறலில் பெண் கழுகு குஞ்சுகளை மூடி உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளைக் கழுகு மீனைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தன் முறை என்று அலகால் அவளை மெல்ல நெட்டினார். அவள் அசையவில்லை. “அடியே, அவரும் அப்பன்தானே, எழுந்திரேன்!” என்று கத்திவிட்டேன். யாரைத் திட்டுகிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

விடுப்பு முடிந்து இன்று மருந்துக்கடைக்குப் போகிறேன். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வருவதாயிருந்த என் அம்மாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இனி உங்கள் பொறுப்பு. பால் ஃபிரிட்ஜில் இருக்கிறது. பாட்டிலை வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள். சாவி ஆணியில்.

மறந்துவிட்டேன்: ஏப்பம் வரும்வரை தோளில் போட்டுத் தட்டுங்கள்.

இன்னொன்று. கடைசியில் அவள் எழுந்து இடம் கொடுத்தாள். மாப்பிள்ளை நகங்களை மடக்கிக்கொண்டு எவ்வளவு பதமாக உட்கார்ந்தார் தெரியுமா!

இருவரும் தூங்குகிறீர்கள். எழுப்பினால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இங்கேயே உட்கார்ந்துவிடுவேன். அதனால் இந்தச் சீட்டைத் தலைமாட்டில் வைத்துவிட்டுக் கிளம்புகிறேன்.