முதற்பலன் கூடைக்குப் போன புள்ளி அவரை

சூலூர்,
5-2-2025

அன்பு மகன் ஆல்வினுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம் என்று இந்தத் தடவை தயங்காமல் எழுத முடிகிறது, ஆண்டவருக்கு நன்றி. உங்கள் டூரின் நகரத்துக் குளிரில் நீயும் யுவஸ்ரீயும் குழந்தை இனியாவும் அவருடைய காவலில் நலமாக இருங்கள். ஃபோனில் சொல்லலாம்தான், ஆனால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள், பாதி விஷயம் தொண்டையிலேயே நின்றுவிடும்.

அம்மாவின் கழுத்துக் கட்டிக்குக் கதிர் சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. நாக்கில் ருசி திரும்ப ஒரு வருடம் ஆகலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னதை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை, மன்னித்துக்கொள். எதைக் கொடுத்தாலும் காகித அட்டையை மெல்லுகிற மாதிரி இருக்குதுங்க என்பாள். அறுபத்திரண்டு கிலோ இருந்தவள் ஐம்பத்தொன்றுக்கு வந்துவிட்டாள். உங்கள் வீட்டுக்கு வந்தபோது அந்தச் செம்புள்ளி போட்ட போர்லோட்டி அவரையை அம்மா இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், அதைப் போட்டுப் பாருங்கள் என்று நீ சொன்னாய். பெங்களூரிலிருந்து தபாலில் விதை வரவழைத்தேன். அதில் கொடி, குத்துச்செடி என்று இரண்டு வகை. புடலைப் பந்தல் சும்மாதானே கிடக்கிறது என்று அம்மா கொடியைக் கேட்டாள். நானும் நம் ஊர் அவரைக்குச் செய்கிறபடி ஆடிப் பதினெட்டு அன்று, ராத்திரி முழுக்க ஊறவைத்து நட்டேன். பாதி விதை மண்ணுக்குள்ளேயே அழுகியது, முளைத்ததை ஆடிக்காற்று முறித்தது, தப்பியதிலும் வெயிலுக்குப் பூ நிற்கவில்லை. வெளியூர் விதைக்கு ஆடியும் தெரியாது ஐப்பசியும் தெரியாது, குளிர்ச்சி மட்டும்தான் தெரியும் என்று பிறகுதான் விளங்கியது. அடுத்து குத்துச்செடி வகையை எடுத்தேன். ஐப்பசி முதல் வாரத்தில் மேட்டுப்பாத்தி போட்டு, ஊறவைக்காமல், ஓர் அங்குல ஆழத்தில் முக்கால் அடிக்கு ஒன்றாக இருபத்துநாலு விதை ஊன்றினேன், இருபத்திரண்டு முளைத்தது. அசுவினிப் பூச்சி வந்தபோது அம்மாதான் வேப்பெண்ணெய்க் கரைசலில் துணியை நனைத்து ஒவ்வொரு இலையாகத் துடைத்தாள். அறையைவிட்டு வராதவள் அதற்காக வெளியே வந்தாள். காயின் தோலிலேயே செந்நிறத் தீற்றல் விழுந்தது, தை பிறந்து பத்து நாளில் காய்ந்து உலுக்கினால் கலகலவென்றது.

உரித்தால் ஒரு சின்னக் கிண்ணம்தான் தேறியது. நல்ல மணியாக நாற்பதைப் பொறுக்கி விதைக்கென்று தூக்குப்போசியில் போட்டு மூடி, மிச்சத்தை நீ சொல்லிக்கொடுத்தபடி ஞாயிறு மத்தியானம் சமைப்பதாக இருந்தேன். ஞாயிறன்று நம் சபையில் முதல் விளைச்சலைக் காணிக்கை வைக்கிற அறுப்பின் பண்டிகை. காலையில் பார்த்தால் கிண்ணமும் காலி, போசியும் காலி, எல்லாம் காணிக்கைக் கூடையில். ஏம்மா விதையையுமா என்றேன். "நீங்க வெதை ஊனுன அன்னைக்கே நேந்துக்கிட்டனுங்க, மொத வெள்ளாம அவருக்குன்னு. நல்ல மணிய நாம வெச்சுக்கிட்டு நோஞ்சானைக் கொண்டுபோய்க் குடுக்கறதுங்களா" என்றாள். ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருளை ஏலம் விடும்போது நானே திருப்பி எடுத்துவிடலாம் என்று விலை கேட்டேன். நம் பக்கத்துவீட்டுத் தறிக்காரர் கருப்புசாமி வருடாவருடம் நம் ஏலத்துக்கு வருவார் அல்லவா, அவர் விடவில்லை. "பிரான்சிஸண்ணா, உங்கூட்டுப் பயிற நீங்களே ஏலம் எடுத்தா உங்க சாமி சிரிக்குமுங்க" என்றார், சபையே சிரித்தது, நான் உட்கார்ந்துவிட்டேன், அவரே எடுத்துக்கொண்டு போனார். விதைக்கு வைத்தது என்று சொல்ல மனம் வரவில்லை, அம்மா அவ்வளவு சந்தோஷமாக முன்வரிசையில் இருந்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம் கருப்புசாமியின் வீட்டுக்கார அம்மா மாசாணியம்மாள் ஒரு கிண்ணம் குழம்போடு அம்மாவிடம் வந்தாள். "ஏனுங்கக்கா, இதென்ன மொச்சைங்க, பெயிண்டு தெளிச்சாப்ல இருந்துச்சு, வேகவெச்சா அம்புட்டுப் புள்ளியும் போயிருச்சுங்க. முச்சூடும் கொளம்பு வெச்சுபோட்டேன்" என்றாள். முச்சூடும் என்ற வார்த்தையில் என் நாற்பது விதையும் போய்விட்டது. அவள் போனபிறகு அம்மாவுக்குச் சோற்றில் ஊற்றிக் கொடுத்தேன். மூன்று வாய் சாப்பிட்டாள், நிறுத்தினாள், மறுபடி ஒரு வாய் வைத்தாள். "ஏனுங்க, இந்தப் புள்ள உப்புப் போட மறந்துட்டாளுங்களா" என்றாள். நானும் எடுத்து வாயில் போட்டேன். உண்மைதான், உப்புக் குறைவு. எழுந்து போய் அவளே உப்பு எடுத்துவந்து போட்டுக் கலந்து, இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

நேற்று புளி தெரிந்தது, காரம் இன்னும் தெரியவில்லை. வரும் வாரம் டாக்டரைப் பார்க்கிறோம், நீ லீவு போட்டு ஓடிவர வேண்டாம். பெங்களூருக்கு மறுபடி விதை கேட்டிருக்கிறேன். நீ அங்கே போட்டால் பனி நின்றபிறகு போடு, சமைக்கும்போது ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாகக் கொதிக்கவிடு. மாசாணியம்மாளுக்காகவும் ஜெபித்துக்கொள். உங்கள் மூவர் வீட்டிலும் உடம்பிலும் ஆண்டவரின் சமாதானம் தங்கட்டும். மறக்காமல் இந்த ஞாயிறு அம்மாவைக் கூப்பிடு, உடம்பு எப்படி என்று கேட்காதே, இன்றைக்கு என்ன குழம்பு என்று கேள்.

அன்புள்ள அப்பா,
பிரான்சிஸ்