மோதியது ஒரு தடவைதான்

பிப்ரவரி 4

விடியுமுன்பே விழித்துக்கொண்டேன். பஸ் எடுக்கப் போகவேண்டாம் என்பது உடம்புக்கு இன்னும் புரியவில்லை. வாசலில் பனி அள்ளினேன். அள்ளிய இடத்தைக் காற்று திரும்ப மூடியது. அதன்மேலும் கோபம் வந்தது.

பத்து மணிக்கு டுவேன் கூப்பிட்டார். பள்ளி பஸ்களுக்கெல்லாம் அவர்தான் மேலாளர். "ஆர்டிஸ், போலீஸ் ரிப்போர்ட் வந்துருச்சு. உங்க தப்புன்னு நீங்களே சொன்னதா எழுதியிருக்கு. இது தீர்ற வரைக்கும் உங்க பஸ்ல பிள்ளைங்கள ஏத்த முடியாதும்மா."

தீராவிட்டால்? கேட்டேன். "அப்ப ஒண்ணும் பண்றதுக்கில்ல" என்றார்.

இருபத்தாறு வருஷம். ஒரு பிள்ளைக்கு முழங்கால் சிராய்த்ததில்லை.

பிப்ரவரி 5

நடந்தது இதுதான். எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

நெடுஞ்சாலை தொண்ணூத்தி நாலு, ஜேம்ஸ்டவுனுக்குக் கிழக்கே. காற்று தரையோடு பனியை வாரி அடித்தது. முன்னால் ஹார்லன் ஓடெகார்டின் கார், சர்ச்சில் எனக்கு முன் பெஞ்சில் உட்காருகிறவர். அவர் நின்றார். நானும் என் சொந்த பிக்கப் வண்டியை நிறுத்தினேன், நல்ல இடைவெளி விட்டு. நின்று மூச்சுகூட விட்டேன். அப்புறம் பின்னாலிருந்து சூரியகாந்தி விதை லாரி வந்து இடித்து, என்னை ஹார்லன்மேல் தள்ளியது. ஹார்லனுக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

அவர் காருக்குள் வலியில் முனகிக்கொண்டு, "என் தப்புதான், நான் நிறுத்தியிருக்கக் கூடாது" என்கிறார். லாரி ஓட்டி வந்த வெர்லின் பிரெக்கே ஓடிவந்து, "ஐயோ, என் தப்பு" என்கிறார். நான் என்ன, ஊமையா? "இல்ல இல்ல, என் தப்புதான் ஹார்லன்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்த ஊரில் காலை மிதித்தவனும் மன்னிப்புக் கேட்பான், மிதிபட்டவனும் கேட்பான். அது பேச்சுக்கு ஒரு மரியாதை. போலீஸ்காரன் வரும்போது என் குரல்தான் உரக்கக் கேட்டிருக்கிறது. அதைமட்டும் எழுதிக்கொண்டு போய்விட்டான்.

பிப்ரவரி 19

லாரி கம்பெனி வக்கீலின் கதை: நான் முதலில் ஹார்லனை இடித்தேனாம். அப்புறம்தான் லாரி என்னைத் தொட்டதாம். தொட்டதாம்! என் பிக்கப்பின் பின்பாதி முன்சீட்டுக்கு வந்துவிட்டது. கேக்குறவன் கேனையனா இருந்தா கேழ்வரகுல நெய் வடியுதும்பான்.

எங்கள் இன்சூரன்ஸ் வக்கீல் சொன்னார், எல்லாம் ஹார்லன் கையில் இருக்கிறதாம். அவருக்கு ஒரு அடி விழுந்ததா, இரண்டு அடியா? இரண்டு என்றால் முதல் அடி என்னுடையது. ஒன்று என்றால் லாரி தள்ளியது.

பிப்ரவரி 23

கறிமேல் உருளைக்கிழங்கு அடுக்கி வேகவைக்கும் டேட்டர் ஹாட்டிஷ் செய்து எடுத்துக்கொண்டு ஹார்லன் வீட்டுக்குப் போனேன்.

"ஒரு அடியா ரெண்டா, ஹார்லன்?"

"காத்து பலமா இருந்துச்சு, ஆர்டிஸ்."

"காத்தக் கேக்கல. அடியக் கேக்கறேன்."

"வெர்லினும் நல்ல பையன்தான். யாரையும் கஷ்டப்படுத்த வேணாம்னு பாக்கறேன்."

யாரையும்! நான் யாரில்லையா? உள்ளதைச் சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தார்? இடுப்பு உடைந்தவரைத் திட்டக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். பாத்திரத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

மார்ச் 8

சர்ச்சில் ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது எல்லோரும் அன்பாகப் பேசினார்கள். பஸ் பற்றி ஒருத்தர் கேட்கவில்லை. தப்பு என்னுடையதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

மே 14

வக்கீல் ஆபீஸில் வாக்குமூலம் எடுத்தார்கள். ஹார்லன் ஊன்றுகோலுடன் வந்தார். "ஒண்ணா இருக்கலாம், ரெண்டாவும் இருக்கலாம்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து கத்தியிருப்பேன், எங்கள் வக்கீல் கையைப் பிடித்து அழுத்தினார்.

அப்புறம் வெர்லின். கழுத்தில் டை, யாரோ கட்டிவிட்டதுபோல. கம்பெனி வக்கீல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வெர்லின் தண்ணீர் குடித்தார்.

"நான் இடிக்கும்போது அவங்க வண்டி நின்னுகிட்டிருந்துச்சு. முன்னாடி நல்லா இடம் விட்டிருந்தாங்க. நான்தான் தள்ளிட்டேன்."

எங்கள் வக்கீலே நம்பவில்லை. "அவ்வளவு பனியில எப்படித் தெரிஞ்சுது?"

"பனி தரையோடதான் அடிச்சுது. லாரியில உயரத்துல உக்காந்திருந்தேன், மேல தெளிவா இருந்துச்சு."

"தெரிஞ்சும் ஏன் நிக்கல?"

"வேகமா வந்தேன்" என்றார். அவ்வளவுதான். கம்பெனி வக்கீல் பேனாவை மூடினார்.

வெளியே வந்ததும், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "கம்பெனியில ஞாபகமில்லன்னு சொல்லச் சொன்னாங்க" என்றார் வெர்லின். "ஞாபகம் இருக்கே, ஆர்டிஸ். என்ன பண்றது?"

ஜூலை 2

முழுப் பொறுப்பும் லாரியுடையது என்று தீர்ந்துவிட்டது. டுவேன் கூப்பிட்டு, பள்ளி திறந்ததும் வரச் சொன்னார். சமையலறையில் நின்று அழுதேன்.

ஜூலை 10

வெர்லினை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே உண்மையைச் சொன்னவருக்கு இதுதான் கூலி.

அக்டோபர் 21

பஸ் பணிமனையில் ஓட்டுநர் போதவில்லை. இரண்டு தடத்துக்கு ஆளே இல்லை, டுவேனே ஒன்றை ஓட்டுகிறார். வெர்லினை அந்த வேலைக்கு விண்ணப்பம் போடச் சொன்னேன். போட்டார்.

நவம்பர் 6

டுவேன் மறுத்துவிட்டார். அவர் அறைக்குப் போய்க் கேட்டேன்.

"தப்பு அவர் மேலன்னு பதிவாயிருக்கே. விதி அப்படி." பிறகு, நல்ல மனுஷன் மாதிரியே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அன்னைக்கு ஞாபகமில்லன்னு மட்டும் சொல்லியிருந்தா, கண்ண மூடிக்கிட்டு எடுத்திருப்பேன்."

கத்தினேன். நன்றாகக் கத்தினேன். வெர்லின் ஞாபகமில்லை என்றிருந்தால் இந்தப் பஸ் சாவி என் கையில் இருக்காது என்று சொன்னேன். பக்கத்து அறையில் டைப் அடிப்பது நின்றுவிட்டது. டுவேன் மேசையைப் பார்த்துக்கொண்டு, "தெரியும்" என்றார்.

சாயங்காலம் வெர்லினுக்கு நானே போன் செய்தேன். வேறு யாரோ சொல்லி அவர் கேட்கக்கூடாது. 

"சரி, விடுங்க" என்றார். "நாளைக்குக் காலையில ரோடு வழுக்கும்னு சொல்றாங்க. பிள்ளைங்கள வச்சிருக்கீங்க, பாத்து ஓட்டுங்க."