உட்கார்ந்து சாப்பிடப் போனேன்

என்னங்க,

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நேற்று நான் சமையல் வேலை பார்க்கும் விடுதியில் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு, தனியாக ஓட்டலுக்குப் போய் பட்டர் நாணும் பன்னீர் மசாலாவும் சாப்பிட்டேன்.

"நாள் முழுக்க அடுப்படியில நிக்கிறவளுக்கு ஓட்டல் கேக்குதா?" என்று இருபது வருஷமாகக் கேட்கிறீர்களே மகாராஜா, நிற்பதால்தான் கேட்கிறது. ஒரு வேளையாவது எனக்கு யாராவது பரிமாற வேண்டாமா? நீங்கள் லீவில் வரும்போதெல்லாம் கூட்டிப் போகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

சர்வர் வந்து, "இன்னும் என்னம்மா வேணும்?" என்றார். காது கேட்காத மாதிரி இருந்து, அதையே இன்னொரு தடவை கேட்க வைத்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் பழக்கதோஷத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். பக்கத்து மேசைக்காரர் தன் தட்டையும் என் கையில் கொடுத்து, "அப்படியே தண்ணி கொண்டா" என்றார்.

கொண்டுபோய்க் கொடுத்தேன்.

உங்கள் வீட்டுக்காரி