பட்டினி போடாத பாத்தி

14.10.1991, திங்கள்

நாற்றங்காலில் வேப்பங்கன்றுப் பாத்திகள் இரண்டு. வேருக்குத் துணைசெய்யும் பூஞ்சாணம் கலந்த மண்ணை ஒன்றுக்கு மட்டும் போடச் சொல்லியிருந்தேன். வளர்ச்சியில் வித்தியாசத்தைப் பார்க்க நாளை அதிகாரி வருகிறார். இன்று அளந்து பார்த்தால் இரண்டும் ஒரே உயரம். தண்ணீர் ஊற்றும் செல்வியைக் கேட்டேன்.

"நான்தான் சார் அதுக்கும் ரெண்டு கை அள்ளிப் போட்டேன். ஒண்ணுக்குச் சோறு போட்டுட்டு, பக்கத்துல கீறத பட்டினி போட மனசு வரல."

கோபம் வந்தது. அதிகாரியிடம் என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.

வரப்போரம் நட வாலாஜாபாத் விவசாயிகள் கன்று கேட்டிருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு, பூஞ்சாணம் போடாத பாத்தியின் நோஞ்சான் கன்றுதான் போகும் என்று நினைத்திருந்தேன். இப்போது தேடினாலும் ஒரு நோஞ்சான்கூட இல்லை.