வேருக்கு ஊற்றிய மருந்து

பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கிறார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த வாடை. மற்றவர்களின் அப்பாக்கள் விபூதியிலோ பீடிப் புகையிலோ திரும்பி வருகிறார்கள். நீங்கள் பூசணக்கொல்லியில் வருகிறீர்கள். பொருத்தம்தான்.

பன்னீர் திராட்சைப் பந்தலின் கீழ் வாழ்நாளெல்லாம் பூசணத்தோடு சண்டை போட்டவர் நீங்கள். இலையில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால் அன்று சோறு இறங்காது. அந்த மனிதரிடம் போய், பூசணம் போடலாம் என்றேன்.

ராயப்பன்பட்டிப் பக்கம் போர்வெல்கள் ஒவ்வொன்றாகக் காற்றைக் கக்கிய கோடை அது. நம்முடையதும். பாதிப் பந்தலைப் பிடுங்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தீர்கள். நுண்ணுயிரியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். வேருக்குள் குடியிருக்கும் பூசணம் ஒன்று உண்டு, வேர் எட்டாத மண்ணிலும் அதன் இழை நுழையும், அங்கிருக்கும் ஈரத்தைக் கொடிக்குக் கொண்டுவரும் என்றேன்.

"களவாணிக்குப் பயந்து ஊர்க்காரன் நாய் வளக்குறான். நீ களவாணியவே வளக்கச் சொல்ற."

"இது வேற பூசணம்ப்பா."

"எல்லாக் களவாணியும் அப்டித்தான்த்தா சொல்லுவான்."

கொடி கவாத்து வெட்ட வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும் உங்களுக்கு.

கடைசியில் ஓரமாக ஒரு வரிசை கொடுத்தீர்கள். கொடுத்தீர்கள் என்பது மிகை. எறிந்தீர்கள். புதுக் குச்சிகள் நட்டேன். குழிக்கொரு கைப்பிடி பூசண மண். பார்க்க வெறும் மணல். நீங்கள் அதை விரலால் கிளறிவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டீர்கள்.

அடுத்த கோடையில் என் வரிசையும் மற்றவற்றைப் போலவே வாடியது. ஓர் இலைகூட வித்தியாசமில்லை. வந்து நின்றீர்கள்.

"எங்கத்தா உம் பூசணம்? கூடலூர்ல ஜீப்பு ஏறி ஏலக்காட்டு வேலைக்குப் போயிருச்சா?"

பிறகு, குரல் இறங்கி: "நானும் ஒரு கொற வைக்கல. மத்ததுக்கு எலையில அடிக்கிறதோட சரி. உன் வரிசைக்கு மட்டும் வேருக்கும் சேத்து ஊத்தினேன். மாசாமாசம்."

"எதுக்குப்பா?"

"படிச்ச புள்ள ஆசையா வச்சது. நோவு வந்துறக் கூடாதுல்ல."

பூசணத்தைக் கொல்லும் மருந்து. பூசணத்தின் தலையில். பாசத்தோடு.

இதைக் கேட்பவர்கள் அன்பு என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். மகளிடம் கேட்பது உங்கள் வழக்கத்தில் இல்லை. கை பழகியதைச் செய்தது, அவ்வளவுதான். அன்று நான் கத்தவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மழைக்கு முன்பே போய்விட்டீர்கள். "மண்ணப் படிச்ச மனுசரு. அவுக கைபட்டா காஞ்ச கட்டையும் துளுக்கும்" என்றார்கள் துக்கத்துக்கு வந்தவர்கள். நீங்கள் படித்தது இலையை மட்டும். மண், நீங்கள் நிற்பதற்கு இருந்த இடம்.

நீங்கள் இல்லாத தோட்டத்தில், நீங்கள் மருந்து ஊற்றாத மூலையில், மறுபடி நட்டேன். இந்தக் கோடையில் அந்தக் கொடிகள் உச்சி வெயிலுக்குத் தொய்கின்றன; சாயங்காலம் நிமிர்கின்றன. பழைய வரிசைகள் நிமிரவில்லை. அற்புதமெல்லாம் இல்லை. பந்தலைப் பிடுங்கும் ஆளை வரவேண்டாம் என்று சொல்ல அது போதுமானதாக இருந்தது.

நேற்று ஒருவன் பைக்கில் வந்தான். பூசணப் பாக்கெட்டுகள், கேரியரில், நேர் வெயிலில். உள்ளே இருந்தது எப்போதோ செத்திருக்கும்.

"மேடம், இதப் போட்டீங்கன்னா தண்ணியே வேணாம்."

"அப்ப மொதல்ல நீ ரெண்டு ஸ்பூன் தின்னு. சித்திரை முழுக்கத் தாகமில்லாம அலையலாம்."

அவன் போய்விட்டான். பந்தலுக்கடியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

நிலத்தைப் பட்டா மாற்றினார்கள். வேட்டிகளை யாருக்கோ கொடுத்தோம். உங்களுடைய இந்தக் கேலிக் குரலை மட்டும் யாரும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை, அப்பா. தண்ணீரில்லாமலே வளர்கிறது.